காரணம் எழுதும் கோடு

ஆராதனை முடிந்து
எல்லோரும் மோஹிங்கா சாப்பிடப் போய்விட்டார்கள்.
பின்னறையில் நானும் ஆசீர்வாதமும்.
ஒரு மேசை, ஒரு தகர டப்பா,
இன்வெர்ட்டர் தயவில் சுற்றும் ஒற்றை ஃபேன்.
பணம் எண்ணுவது என் பிழைப்பு:
ஆறு நாள் அரிசி மண்டியில்,
ஏழாம் நாள் ஆண்டவருக்கு.

ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் மூன்று கோடுகள்.
பெயர். தொகை. காரணம்.
காரணங்கள் எனக்கு மனப்பாடம்.
மலேசியா விசா வந்தது,
கிட்னிக் கல் கரைந்தது,
தள்ளிக்கொண்டே போன கல்யாணம் கூடிவந்தது.
போதகர் மைக்கில் வாசிக்கையில்
முன்வரிசை திரும்பிப் பார்க்கும்.

பெயரில்லாத கவரை அவர் வாசிப்பதில்லை.
நேரே எங்களிடம் வந்துவிடும்.
அப்படி வந்ததுதான் முதலாவது:
டேப் ஒட்டிய இருநூறு கியாட் நோட்டு,
சுண்டெலி நடந்ததுபோல் பென்சில் எழுத்து.
"ராத்திரி ஒரு மணிக்கு கரண்ட் வந்துச்சு.
எந்திரிச்சு சோறு வடிச்சேன்."

இதற்கெல்லாமா என்று சிரித்தேன்.
இதர வரவு என்று பதிந்தேன்.

மறுவாரம்,
"பஸ்ல ஜன்னல் சீட்டு."
அதற்கடுத்து,
"மழைக்கு முந்தி துணி எடுத்தாச்சு."
"பக்கத்து வீட்டு மா கின் ஏ ஒரு கரண்டி ஙப்பி குடுத்தா. கேக்காமலே."
"வலி இடது கால்ல மட்டும்தான்."

மேசைக்கடியில் குனிந்து
என் கால்களைப் பார்த்தேன்.
இரண்டும் இருந்தன. இரண்டும் வலிக்கவில்லை.
நாற்பத்தொன்பது வருஷத்தில்
இதை யாரிடமும் சொன்னதாக ஞாபகமில்லை.

இடது காலை இழுத்து நடப்பவர் யாரென்று
திருவிருந்து வரிசையில் தேடினேன்.
பாதிச் சபை நொண்டியது.
"விடு செலினா" என்றார் ஆசீர்வாதம்,
"தெரிந்தால் வணக்கம் சொல்வாய். அப்புறம் அவள் எழுதமாட்டாள்."
அவள் என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

வாசோ மாதம். கவர் நனைந்திருந்தது.
"மகன் போன் பண்ணினான்.
எங்க இருக்கான்னு சொல்லல.
குரல் நல்லா இருந்துச்சு."
ஆசீர்வாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம் துடைத்தார்.
அன்று கூட்டல் இரண்டு முறை தப்பியது.

பிறகு மூன்று ஞாயிறு ஒன்றும் இல்லை.
டப்பாவைக் கவிழ்த்து முதுகில் தட்டினேன்,
குழந்தைக்குத் தட்டுவதுபோல்.

நாலாம் ஞாயிறு வந்தது. அதே டேப், அதே இருநூறு.
காரணக் கோட்டில் பென்சில் ஊன்றிய புள்ளி,
அழித்த தடம், மறுபடி புள்ளி, கடைசியில்
"இந்த வாரம் ஒண்ணும் தெரியல ஆண்டவரே.
இருந்தாலும்."

இருந்தாலும்.
பேரேட்டைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.
பற்றா, வரவா?
இருபது வருஷம் கணக்கு எழுதியவளுக்கு
அந்த ஒரு சொல்லுக்குப் பத்தி கிடைக்கவில்லை.

முப்பத்தெட்டாம் தெருவில் தூறல்.
ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவரை தொங்கும் கயிறுகள்,
நுனியில் கிளிப், மணி.
காய்கறிப் பை ஒன்று ஆடி ஆடி மேலே போனது.
நாலாவது மாடி தாண்டும்போது
ஓர் எலுமிச்சை நழுவி
டக்கென்று என் குடைமேல் விழுந்து
சாக்கடை விளிம்பில் நின்றது, விழாமல்.
மேலே ஒரு பெண் தனக்கா பூசிய முகத்தை நீட்டி
மன்னிப்புக் கேட்டாள். பர்மியத்தில் கத்தினாள்:
வைத்துக்கொள், வைத்துக்கொள்!

எங்கிருந்தோ வந்தது சிரிப்பு.
அண்ணன் அடக்கத்திற்குப் பிறகு
என்னிடம் வராமலிருந்த சிரிப்பு.
வெற்றிலைக் கடைக்காரன் பார்த்தான்,
அவனும் சிரித்தான், என்ன ஏதென்று தெரியாமல்.

ஆறு மாடி ஏறினேன். கரண்ட் இல்லை.
கைப்பையில் ஒரு வெற்றுக் கவர் இருந்தது.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
பெயர்க் கோட்டைத் தாண்டிப் போய்க்
காரணத்தில் எழுதினேன்:
எலுமிச்சை ஒன்று. மேலிருந்து.

தொகைக் கோட்டில்தான்
இன்னும் பென்சில் ஊன்றியபடி இருக்கிறேன்.
எவ்வளவு என்று
கணக்குப் பிடிபடவில்லை.